கால்சியம் 9.1 என்றால் எலும்பு நலமா?

இரத்தப் பரிசோதனையில் கால்சியம் இயல்பான அளவில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எலும்பும் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எப்பாடுபட்டாவது அந்த அளவைக் குறையாமல் காப்பது உடலின் முதல் வேலை. அதற்காக எலும்பைக் கரைக்கவும் அது தயங்குவதில்லை. உயிர்வேதியியல் கற்பிப்பவன் என்பதால் டெல்லி ஆர்.கே.புரத்தில் அக்கம்பக்கத்துத் தமிழர்கள் என்னிடம் கொண்டுவரும் அறிக்கைகளில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பற்களிலும் இருக்கிறது. இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரைதான். அதிலும் ஏறக்குறைய பாதி ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் முதலியவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்க, கட்டில்லாமல் திரியும் மீதிப் பாதியே நரம்பையும் தசையையும் இயக்குகிறது. இந்தப் பாதி குறைந்தால் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், விரல்நுனிகள் குறுகுறுக்கும், கை தானாக மடங்கி இழுத்துக்கொள்ளும். கூடினாலோ மலச்சிக்கல், ஓயாத தாகம், சிறுநீரகக் கல் என்று வேறு வகைத் தொல்லைகள்.

இதைக் கண்காணிப்பவை கழுத்தில் தைராய்டின் பின்புறம் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். ஒவ்வொன்றும் பொதுவாக 50 மில்லிகிராம் எடைகூட இராது. (லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோதுதான் ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் இச்சுரப்பியை முதலில் விவரித்தார்; மனிதரில் இதை 1880-இல் விவரித்தவர் ஸ்வீடனின் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம்.) கால்சியம் சிறிது இறங்கினாலும் சில நொடிகளில் பாராதைராய்டு ஹார்மோன் சுரக்கிறது. அது எலும்பைக் கரைக்கத் தூண்டுகிறது. சிறுநீரோடு போகவிருந்த கால்சியத்தைத் தடுத்து மீண்டும் இரத்தத்துக்கே அனுப்புகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. எலும்பில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தே படிந்திருப்பதால், கரையும்போது இரண்டுமே இரத்தத்துக்கு வரும். இரண்டும் ஒருசேரக் கூடினால் ஒன்றோடொன்று பிணைந்து இரத்தக்குழாய்ச் சுவரிலும் மென்திசுக்களிலும் உப்பாகப் படியலாம்; அப்படிப் பிணையும்போது கட்டில்லாத கால்சியமும் குறைந்துபோகும். ஆகவே அதே ஹார்மோன், கால்சியத்தைத் தக்கவைக்கும் அதே சிறுநீரகத்தின் இன்னொரு பகுதியில், பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றச் செய்கிறது. இந்த உடலியல் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கரைத்துக்கொண்டே இருந்தால் கையிருப்பு தேயும் அல்லவா? அதனால் சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யை முழுச் செயல்வடிவுக்கு மாற்றும் வேலையையும் இந்த ஹார்மோன் முடுக்கிவிடுகிறது. அவ்வடிவம் உணவிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் குடல் உறிஞ்ச உதவுகிறது. ஆனால் மூலப்பொருள் வேண்டுமே. கார்த்திகை முதல் தை வரை டெல்லி வானில் கவியும் புகைமூட்டமும் சாய்ந்து விழும் வெயிலும், தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புறஊதாக் கதிரைப் பெரிதும் குறைத்துவிடுகின்றன. மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதமாக இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. எதிர் பிளாக் மாமி ஒருவரின் அறிக்கையில் கால்சியம் 9.1, பாஸ்பரஸ் (பாஸ்பேட்டின் அளவை அறிக்கையில் இப்பெயரில்தான் தருவார்கள்) 2.3, வைட்டமின் டி 9, பாராதைராய்டு ஹார்மோன் 128; அதாவது கால்சியம் மட்டுமே இயல்பு, நடுவிலுள்ள இரண்டும் குறைவு, கடைசியது அதிகம். “கால்சியம்தான் சரியாக இருக்கிறதே, பிறகு எதற்கு இந்த மருந்து?” என்று கேட்டார். மாதச் செலவு தடையின்றி நடக்கிறது என்பதால் பீரோவில் நகை பத்திரமாக இருக்கிறது என்று ஆகிவிடுமா, அடகுக்கடை ரசீதையும் பார்க்க வேண்டாமா என்றேன். இங்கே ரசீது, உயர்ந்துவிட்ட அந்த 128-தான்.

பாஸ்பேட்டுக்கென்றே ஒரு காவலும் உண்டு. எலும்புச் செல்கள் சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோன் 2000-ஆம் ஆண்டு வாக்கில்தான் தெரியவந்தது; நான் படித்த பாடநூலில் அது இல்லை. பாராதைராய்டு ஹார்மோனைப் போலவே இதுவும் பாஸ்பேட்டை வெளியேற்றுகிறது. ஆனால் வைட்டமின் டி செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கிறது. சிறுநீரகம் பழுதடையும்போது முதலில் ஏறுபவற்றுள் இதுவும் ஒன்று. பாஸ்பேட் பல காலம் இயல்பாகவே தெரியும், அதற்குள் எஃப்.ஜி.எஃப்.23 உயர்ந்து, செயல்வடிவ வைட்டமின் டி குறைந்து, பாராதைராய்டுகள் ஓயாமல் சுரந்து பருத்து, எலும்பு அரிக்கப்பட்டுவரும். அதனால்தான் சிறுநீரக நோயாளிக்கு மருத்துவர் கால்சியத்தோடு பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்கிறார்.

சிறுநீரக நோயாளிகள் பாஸ்பேட்டை எண்ணி ராஜ்மாவையும் பருப்பையும் கண்டு அஞ்சும் அளவுக்குப் பாக்கெட் தின்பண்டங்களைக் கண்டு அஞ்சுவதில்லை என்பது என் மனக்குறை. பருப்பிலுள்ள பாஸ்பேட்டில் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகப் பிணைந்திருப்பதால் குடல் அதைக் குறைவாகவே உறிஞ்சும். பதப்படுத்தச் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ பெரும்பாலும் முழுவதுமாக இரத்தத்தில் சேர்ந்துவிடும். பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தத் தரும் மாத்திரை உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துவைப்பதற்கானது என்பதால், அதைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் அந்தப் பயன் கிடைக்காது.