சுழல் கடைசி எபிசோட், திருப்பி பாத்தும் தாங்கல

புஷ்கர்-காயத்ரியோட சுழல் வெப் சீரிஸ், மொத சீசன் 2022ல ப்ரைம்ல வந்துச்சே, 8 எபிசோட், அதுல கடைசிய மட்டும் நேத்து நைட்டு திருப்பி போட்டேன், யாரு பண்ணாங்கன்னு தெரிஞ்சும் தொண்ட அடைச்சிக்கிச்சு. நிலான்ற பொண்ண காணோம்னு ஆரம்பிக்கிற கத, ஊர்ல மயானக் கொள்ளை திருவிழா நடந்துகினு இருக்கும்போதே தேடுறாங்க. வேலூர்காரங்களுக்கு அது புதுசா இன்னா, சிவராத்திரி முடிஞ்சதும் பாலாத்துல அங்காளம்மன், காளி வேஷம், சுண்டலு கொழுக்கட்ட எறியறதுன்னு சின்ன வயசுலேந்து பாத்துகினுதான இருக்கோம். டிவில மேளச் சத்தம் கேட்டதுமே அம்மா கரண்டியோட வந்து நின்னு "இன்னாடா, நம்ம ஊரா"ன்றாங்க.

ஆனா உலுக்கிட்டது நிலாவோட அக்கா நந்தினியா வர்ற ஐஸ்வர்யா ராஜேஷ்தான். தனக்கு நடந்ததுதான் தங்கச்சிக்கும் நடந்துருக்குன்னு நந்தினிக்கு புரியிற எடம் இருக்கே, அந்த மூஞ்சிய பாக்கவே முடியல, அதுவரைக்கும் "அவன்தான்டா, அவன் முழியே சரியில்ல"ன்னு துப்பு சொல்லிகினு இருந்த அம்மா கப்சிப்புனு ஆகி என் தங்கச்சி பக்கத்துல போய் உக்காந்து அவ கைய புடிச்சிகினாங்க. (ஆளு யாருன்னு சொல்ல மாட்டேன், போய் பாருங்க.)

நடுவுல ஃபேக்டரி, யூனியன் மேட்டரு கொஞ்சம் இழுவதான், பார்த்திபன் இருக்கறதால ஓடிடுது. பையனயும் காணாம போலீஸ் வேலயும் பாக்கற ரெஜினாவா வர்ற ஸ்ரேயா ரெட்டிய ஏன் நம்ம ஆளுங்க இன்னும் நெறைய யூஸ் பண்ணலன்னுதான் கடுப்பாவுது.