யூடியூப் ஓடுகிறது, வங்கித் தளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது

புது ரௌட்டர் மாட்டிவிட்டுப் போனதிலிருந்து ஆரம்பித்த தொல்லை இது. யூடியூப் தடங்கலே இல்லாமல் ஓடும். கூகுள் தேடல் தட்டியவுடன் வரும். ஆனால் வங்கித் தளமும் சில செய்தித் தளங்களும் வெள்ளைத் திரையோடு சுற்றிக்கொண்டே நிற்கும். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் வேகத்தில் குறையே இல்லை. இணைய சேவை மையத்தில் கேட்டதற்கு, "பிரவுசர்லதான் பிரச்சினை சார், கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க" என்றார்கள்.

சரி, பண்ணினேன். இன்காக்னிடோவில் திறந்தேன், எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தினேன், வேறு பிரவுசர் போட்டேன். எதிலும் அதே தளங்கள்தான் முரண்டு பிடித்தன. அப்புறம் போனை எடுத்தேன். அதே வைஃபையில் போனிலும் நிற்கிறது. மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால் பட்டென்று திறக்கிறது. இனி பிரவுசர் மேல் பழி போட வழியில்லை. பிரவுசரை அழித்துத் திரும்ப இன்ஸ்டால் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் இந்தப் போன் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பயர்பாக்ஸில் இதற்கு எந்தக் கருவியும் திறக்கத் தேவையில்லை. திரையின் இடது கீழ் மூலையில் சின்ன எழுத்தில் அதுவே சொல்லிவிடும். முகவரி தேடல், சர்வரோடு இணைப்பு இரண்டும் கண்ணில் படும் முன்பே கடந்து போய், 'டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்' (பாதுகாப்பான இணைப்புக்காக பிரவுசரும் சர்வரும் கைகுலுக்கிக்கொள்ளும் கட்டம்) என்ற வரி வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு எண் முகவரி தேடித் தரும் சேவை) கோளாறு என்றால் அதற்கு முன்பே நின்றிருக்கும். ஆகவே, எதற்கெடுத்தாலும் சொல்லப்படும் '8.8.8.8 (கூகுளின் டிஎன்எஸ் முகவரி) போடுங்கள்' வைத்தியம் இதற்கு உதவாது.

ஏன் சரியாக அந்த இடத்தில்? இணையத்தில் தகவல் பாக்கெட் எனும் சிறு பொட்டலங்களாகத்தான் போகும். அதுவரை போய் வருவதெல்லாம் பொடிப் பாக்கெட்டுகள். ஹேண்ட்ஷேக்கில்தான் சர்வர் தன் சான்றிதழ்களை அனுப்பும். அவை பெரும்பாலும் சில ஆயிரம் பைட் இருக்கும் என்பதால், முழு அளவுப் பாக்கெட்டுகள் முதன்முதலாக வருவது அங்கேதான். ஈதர்நெட்டில் அந்த முழு அளவு 1500 பைட். என்னுடையதோ பிபிபிஓஇ இணைப்பு, அதாவது ரௌட்டரே யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போகும் வகை. அது தன் பங்குக்கு 8 பைட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492.

இதைப் பிங்கில், அதாவது ஒரு பாக்கெட்டை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளையில், பார்த்துவிடலாம். விண்டோஸில் சாதாரண பிங் அனுப்புவது 32 பைட்தான். அது எப்போதும் 'எல்லாம் நலம்' என்றுதான் சொல்லும். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் அனுப்பினேன் (பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் முகவரித் தகவலான தலைப்புகளுக்கு 28 சேர்ந்தால் 1500). பதிலே இல்லை, 'டைம்ட் அவுட்'. 1464 என்று குறைத்ததும் பதில் வந்தது. 1465 போட்டால் மறுபடி மௌனம். இந்த மௌனம்தான் எனக்குத் துப்பு. ரௌட்டருக்குத் தன் எல்லை தெரிந்திருந்தால், 'துண்டாக்க வேண்டும்' என்று உடனே பிழைச் செய்தி அனுப்பியிருக்கும். இது 1500 போகும் என்று நம்பித் தள்ளிக்கொண்டிருக்கிறது.

ரௌட்டர் அமைப்புகளில் வான் (WAN, வெளி இணைய இணைப்பு) பக்கத்தைத் திறந்தால், எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) என்ற இடத்தில் 1500. மாட்டியவர்கள் அதை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். 1492 என்று மாற்றி, சேமித்து, ரீபூட் செய்தேன். வங்கித் தளம் உடனே திறந்தது. (பிபிபிஓஇயில் 1500 கூடவே கூடாது என்றில்லை. இரு முனைகளும் அதற்கு ஒத்துழைத்தால் முடியும்; 2006-லேயே அதற்கு வழிமுறை வந்துவிட்டது. என் இணைப்பில் மறுமுனை ஒத்துழைக்கவில்லை.)

யூடியூப் மட்டும் எப்படி ஓடியது என்பதுதான் இதில் சுவாரசியம். கூகுள் தளங்கள் குரோம் போன்ற பிரவுசர்களோடு பேசுவது பெரும்பாலும் க்விக் என்ற முறையில். அது 1200 பைட்டை ஒட்டிய அளவில் தொடங்குவதால் 1492-க்குள் சுலபமாக அடங்கிவிடும். மற்றத் தளங்களில் பாக்கெட் பெரிதாக இருந்தால், வழியில் இருக்கும் கருவி 'குறைத்து அனுப்பு' என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் கருவிகள் பிழைகளைத் தெரிவிக்கும் முறை) செய்தி அனுப்பும். அதைக் கேட்டு நடக்கும் சர்வர்கள் பிழைத்துக்கொள்ளும். ஸ்பீட் டெஸ்ட் அந்த ரகமாக இருந்திருக்கும். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்து வைத்திருக்கும் சர்வர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. அவை அதே பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பும், நாம் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ரௌட்டரில் கை வைக்க விடாத இணைப்பு என்றால் கணினியிலேயே எம்டியுவை 1492 ஆக்கலாம். என்ன, ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். போனில் பெரும்பாலும் அதற்கு வழியே இருக்காது. அதைவிட, சேவை மையத்தை அழைத்து 'எம்எஸ்எஸ் கிளாம்பிங் போடுங்கள், வான் எம்டியுவை 1492 ஆக்குங்கள்' என்று இதே வார்த்தைகளில் கேட்பது மேல். (கிளாம்பிங் என்றால், பெரிய பாக்கெட் வராதபடி இணைப்பின் தொடக்கத்திலேயே ரௌட்டர் அளவைக் குறைத்துச் சொல்லிவிடுவது.) 'நெட் ஸ்லோ' என்று ஆரம்பித்தால் திரும்பவும் கேஷ் கிளியரில்தான் கொண்டுபோய் விடுவார்கள்.