மூக்கையூரில் ஒரு கைப்பிடி கருமணல்

சாயல்குடியில் பேருந்தை விட்டு இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் பனையும் உடைமரமும்தான். பையில் ஒரு கைலென்ஸ், பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தம். மூக்கையூர்க் கடற்கரைக்கு இப்படி மூட்டை கட்டிப் போகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

தேடிப் போனது மோனசைட். சீரியம், லாந்தனம், நியோடைமியம் போன்ற அருமண் தனிமங்களும் தோரியமும் பாஸ்பேட்டுடன் சேர்ந்த கனிமம். 1829-இல் வைத்த பெயர். ‘தனித்திருப்பது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் கரையில் அதற்கு ஏது தனிமை? இல்மனைட், கார்னெட், சிர்கான் என்று மற்ற கனிமங்களின் பெரிய கூட்டத்தோடுதான் கிடக்கும்.

அலை திரும்பும் இடத்தில் கறுப்பாக ஒரு வரி ஓடியது. எல்லாம் அலையின் வேலை. வெள்ளை மணலான குவார்ட்ஸின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்கு, மோனசைட்டுக்கோ ஏறக்குறைய 5 மடங்கு. லேசானதை நீர் இழுத்துக்கொண்டு போக, கனமானது தங்கிவிடுகிறது. நம் வீட்டு முறத்தில் பதர் பறந்து நெல் நிற்பது போலத்தான்.

குனிந்தே இருந்த என்னைப் பார்த்து, வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: “என்ன தம்பி, எதையும் தொலைச்சிட்டீகளா?”

“கருமணல் பாக்குறேன் ஐயா.”

“இதென்ன மணலு! கச்சான் காத்து அடிச்சு ஓஞ்ச பெறகு வந்து பாருங்க. கரையே கரி பூசுன மாதிரி கெடக்கும்.”

காந்தத்தைத் தாளில் சுற்றி மணலில் ஓட்டினேன். கறுப்பு மீசை முளைத்தது போல இல்மனைட் அப்பிக்கொண்டது. மோனசைட்டுக்கு இந்த ஈர்ப்பு சொற்பம்தான். இதில் ஒரு வேடிக்கை: மணலை இழுக்கும் அந்தக் காந்தத்துக்குள் இருப்பதே நியோடைமியம். மோனசைட்டிலிருந்து எடுக்கும் சரக்கு அது.

மிச்ச மணலை லென்ஸில் பார்த்தபோது தேன் நிறத்தில், முனை மழுங்கிய இரண்டு மூன்று மணிகள். மோனசைட்டாக இருக்கலாம், சிர்கானாகவும் இருக்கலாம். கண்ணால் சத்தியம் செய்ய முடியாது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியருக்குக் கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சி மோனசைட்டைக் காட்டிக்கொடுத்தது, திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல். கேஸ் விளக்கில் ஒளிரும் மேண்டில் வலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது.

ஒரு டப்பா மணல் எடுத்துவர ஆசைதான். ஆனால் மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். 2013-இல் தாது மணல் அள்ளத் தமிழக அரசு தடையும் போட்டது. கைப்பிடி மணலுக்கு யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றியது. இருந்தாலும் அலையிலேயே கொட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பையை உதறினால், சுற்றிய தாள் கிழிந்து, காந்தம் முழுக்கக் கறுப்பு. டூத் பிரஷ்ஷால் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.