முழங்காலுக்குப் பின்னால் ஒரு நெல்லிக்காய்

முழங்காலின் பின்மடிப்பில் அந்தக் கட்டி தட்டுப்பட்டபோது எனக்கு 23 வயது. நெல்லிக்காய் அளவு; நோவும் இல்லை. உதைபந்தாட்டத்தில் பட்ட அடி என்று நானே தீர்மானித்தேன். அம்மா பரியாரியாரிடம் எண்ணெய் வாங்கி வந்து ஆறு மாதம் தேய்த்தார். கட்டி கரையவில்லை, பெருத்தது.

ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் "கொழுப்புக் கட்டிதான்" என்று, ஸ்கேன் எதுவும் எடுக்காமல் அரை மணி நேரத்தில் வெட்டி எடுத்தார்கள். எடுத்ததைப் போத்தலில் இட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களே, அதனால்தான் அவர்களை முழுதாகத் திட்ட மனம் வருவதில்லை. மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது: சைனோவியல் சார்கோமா, ஒருவகைப் புற்றுநோய்.

மூட்டின் உள்ளுறையில் பிறப்பது என்று எண்ணி முன்னாளில் வைத்த பெயராம் அது. அங்கிருந்து அது வருவதில்லை. எக்ஸ் நிறமூர்த்தமும் (குரோமோசோம்) 18ஆம் நிறமூர்த்தமும் உடலின் ஏதோ ஒரு கலத்தில் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் வருகிறது. "என் சமையலில் ஏதும் பிழையா, டொக்டர்?" என்று அம்மா கேட்டார். "இல்லை அம்மா, பரம்பரையும் இல்லை" என்றார் வைத்தியர். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை.

புற்றுநோய் சத்திரசிகிச்சை நிபுணர் என் தழும்பை விரலால் தடவிவிட்டு, "குறுக்கே வெட்டியிருக்கிறார்கள்" என்றார். கை கால்களில் நெடுக்காகத்தான் கீற வேண்டுமாம். முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனை, அதன் பிறகே கத்தி. அந்த ஊசி போகும் வழியைக்கூடப் பின்னால் வெட்டி எடுக்கத்தக்கதாகத் தெரிவு செய்வார்களாம். என் காலில் வரிசை தலைகீழாகிவிட்டது. பழைய கத்தி தொட்ட இடம் முழுவதையும், சுற்றியிருந்த நல்ல சதையோடு சேர்த்து, மறுபடி எடுத்தார்கள். கால் தப்பியது.

பிறகு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம், காங்கேசன்துறை பஸ்ஸில். காலில் போட்ட மை அடையாளம் அழியாதிருக்க, கிணற்றடியில் ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு குளித்தேன். 2011இல் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திர முனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை பலர் நடந்து சேர்த்த பணத்தில் எழுந்த வைத்தியசாலை அது. நொண்டிக்கொண்டு உள்ளே போகும்போதெல்லாம் அந்த நடை நினைவுக்கு வரும்.

இந்த நோய் பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சைப் படம் பிடிக்கிறார்கள். பாதத்தில் இன்னும் மரமரப்பு. செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. போன கிழமை பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து அடி நடந்த பிறகு, "தம்பி, செருப்பு!" என்று நடத்துநர் கத்தினார்.