ஸ்லாஷுக்குப் பின்னால் வரும் எண்

நாகர்கோவிலில் தலைமையலுவலகமும் மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் போன்ற ஊர்களில் கிளைகளும் உள்ள நிறுவனங்களுக்கு நெட்வொர்க் அமைத்துப் பராமரிப்பது என் வேலை. அதில் மிகுந்த கவனத்தைக் கேட்பது கேபிள் இழுப்பதோ ரூட்டர் பொருத்துவதோ அன்று. எந்த அலுவலகத்துக்கு எந்த ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் எண்) வரம்பு என்று தீர்மானித்து, அதை ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைப்பதே என்பது என் உறுதியான கருத்து.

அலுவலகங்களுக்குள்ளான தனியார் பயன்பாட்டுக்கென்று 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறி ஆவணம் மூன்று வரம்புகளை ஒதுக்கியிருக்கிறது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. முகவரியின் 32 பிட்டுகளில் முன்னாலுள்ள எத்தனை மாறாதவை என்பதையே ஸ்லாஷுக்குப் பின்னால் வரும் எண் சொல்கிறது; எண் பெரிதானால் வரம்பு சிறிதாகும். இவ்வளவு இடம் இருந்தும், ரூட்டர் பெட்டியிலிருந்து வரும்போதே இருந்த 192.168.1.0/24தான் பல அலுவலகங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அலுவலகம் ஒன்றாக இருக்கும்வரை இதனால் தொந்தரவில்லை. ஒரு நிறுவனத்தின் மார்த்தாண்டம் கிளையை விபிஎன் (இணையத்தின் ஊடாகப் போகும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக நாகர்கோவிலோடு இணைக்கப் போனபோது இரு பக்கமும் அதே வரம்பு இருந்தது. கிளையிலுள்ள கணினி 192.168.1.20 என்ற சர்வரைத் தேடினால், அது தன் கட்டடத்திலேயே இருப்பதாகக் கொண்டு உள்ளுக்குள்ளேயே தேடும். பாக்கெட் ரூட்டரை எட்டவே எட்டாது. பிரிண்டர், கேமரா, வருகைப்பதிவுக் கருவி என ஒவ்வொன்றுக்கும் முகவரி மாற்றித்தான் கிளையை 10.20.3.0/24க்குக் கொண்டுவந்தோம்.

வரம்பை ஒதுக்குவதோடு வேலை முடிவதில்லை. சாதனங்களுக்குத் தானாக முகவரி தரும் டிஹெச்சிபியில், கடைசி எண் 100 முதல் 150 வரை என்று எழுதுவது எளிது. அதே முகவரிகளை மட்டும் ரூட்டரின் அணுகல் பட்டியலில் (எந்த முகவரிகளுக்கு அனுமதி என்று சொல்லும் பட்டியல்) ஸ்லாஷ் முறையில் எழுத முயன்றால் 100/30, 104/29, 112/28, 128/28, 144/30, 148/31, 150/32 என்று ஏழு வரிகள் தேவைப்படும். இரும (பைனரி) எண்முறையில் ஒரு தொகுதி தன் அளவின் மடங்கில்தான் தொடங்க முடியும் என்பதே காரணம். 64 முகவரிகள் கொண்ட /26 என்றால் 0, 64, 128, 192 ஆகிய இடங்களில் மட்டுமே தொடங்கும். இதைக் கருதாமல் 10.20.3.100/26 என்று எழுதினால் சில கருவிகள் ஏற்க மறுத்துவிடும்; அது நல்லது. சில கருவிகளோ சத்தமில்லாமல் அதை 10.20.3.64/26 என்று எடுத்துக்கொள்வதால், நாம் நினைத்தே பாராத 64 முதல் 99 வரையிலான முகவரிகளுக்கும் அனுமதி கிடைத்துவிடுகிறது. ஆகவே முதலிலேயே 64 முதல் 127 வரை என்று எல்லையோடு பொருந்த ஒதுக்குமாறு உடன் பணிபுரியும் தம்பிமாரிடம் வற்புறுத்துகிறேன்.

பட்டியல் நேராகத் தெரிய வேண்டும் என்று 10.020.003.005 என எழுதுவோரும் உண்டு. முன்னால் பூஜ்யம் வந்தால் அதை எட்டை அடியாகக் கொண்ட எண்ம (ஆக்டல்) முறையில் படிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அது 10.16.3.5. பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும்.

இடிமின்னல் காலத்தில் குலசேகரம் பக்கம் ஒரு ரூட்டர் எரிந்துபோனால், அதை மாற்றப் போகிறவர் அந்த நெட்வொர்க்கை முன்பு பார்த்திராதவராக இருக்கக்கூடும். அவருக்காக ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறோம். எடுத்துக்காட்டாக: 10.20.3.64/26, சாதனங்களுக்குத் தரக்கூடியது 65 முதல் 126 வரை, பிராட்காஸ்ட் (எல்லாச் சாதனங்களுக்கும் ஒருசேர அனுப்பும் முகவரி) 127, மாஸ்க் (/26ஐ எழுதும் இன்னொரு வடிவம்) 255.255.255.192, சிஸ்கோ ரூட்டரின் அணுகல் பட்டியலில் மாஸ்க்கைத் தலைகீழாக எழுத வேண்டியிருப்பதால், அருகிலேயே 0.0.0.63.