ஆறாத தோலும் அடக்கி மருந்தும்: திருகோணமலைக் குறிப்புகள்

2025 ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்றுக் காலம். தோல் கிளினிக் வாசலில் சொறிச்சலோடு வருபவர்கள் கூடிவிடுவார்கள். வறண்ட தோல், எக்சிமா, பங்கசு, தேமல், பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் கிளினிக் கொப்பியில் டக்ரோலிமஸ், சைக்கிளோஸ்போரின், மைக்கோபினோலேற், அசாதயோபிரின், மெதோற்றெக்சேற் என்று ஏதாவது ஒரு பெயர் கண்ணில் பட்டால் கிறீமை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடக்கூடாது. இவை உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் 'அடக்கி மருந்துகள்'; எடுப்பவரின் தோலில் லிம்போமா என்ற புற்று ஒளிந்திருக்கலாம். உடுப்பைக் களையச் சொல்லி, உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்கவேண்டும். கழுத்து, கக்கம், கவட்டு நிணநீர்க் கணுக்களையும் தடவிப் பார்க்கவேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. பதவி சிறிபுரப் பக்கம் காரணம் தெளிவாகாத நீண்டகாலச் சிறுநீரக நோய் இருக்கிறது. சிறுநீரகம் மாற்றி அடக்கி மருந்து தொடங்குவது கண்டியிலோ கொழும்பிலோ. ஊர் திரும்பியபின் தோலில் ஒன்று கிளம்பினால் முதலில் காட்டுவது பக்கத்து ஆஸ்பத்திரியில். அந்த முதல் பார்வையில் தவறினால் மாதக்கணக்கில் தவறிவிடும்.

ஜூலை 10, வியாழன்

லிம்போமா என்பது நிணநீர்க் கலங்களின் புற்று. இந்தக் கலங்களில் பி, ரி என்று இரண்டு முக்கிய வகை. எப்ஸ்ரைன்-பார் வைரசு வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோரின் பி-கலங்களில் ஆயுள் முழுக்க ஒளிந்திருக்கிறது. ரி-கலங்கள் காவல் நிற்பதால் அது தலைதூக்குவதில்லை. மாற்றிய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க நாம் கொடுக்கும் மருந்து அடக்குவது அந்தக் காவலைத்தான். உறுப்பு மாற்றியபின் உடலுக்குள் வரும் லிம்போமாக்களில் பெரும்பாலானவை பி-கல வகை. ஆனால் தோலிலேயே தொடங்குபவற்றில் ரி-கல வகை கூடுதல், அதிலும் மைக்கோசிஸ் பங்கொயிடிஸ். பெயரில் பங்கசு இருக்கிறதே தவிர நோய்க்கும் பங்கசுக்கும் தொடர்பில்லை. இந்தப் பெயரால் குழம்பாதவர் குறைவு.

இது வெயில் படாத இடத்தில் தொடங்கும்: பிட்டம், தொடை, மார்பு, இடுப்பு. நம் நிறத் தோலில் சிவப்பாகத் தெரியாது. வெளிறிய திட்டாகவே பல தடவை வரும். அதனால் தேமல் என்றோ தொழுநோய் என்றோ எண்ணிவிடுகிறோம். பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா, நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. உணர்ச்சி குறையாத, தேமல் பூச்சுக்கு அசையாத வெளிறல் என்றால் பயொப்சிதான், அதாவது தோல் துண்டு எடுத்துச் சோதிப்பது.

பி-கல வகை வேறு முகம் காட்டும்: ஊதா கலந்த சிவப்புக் கட்டி, விரைவாக வளர்ந்து நடுவில் புண்ணாகும். எச்.ஐ.வி. உள்ளவர்களில் முரசிலும் அண்ணத்திலும் வரும் பிளாஸ்மாபிளாஸ்ரிக் வகையை மறக்கக்கூடாது. வாயைத் திறந்து பார்க்காமல் தோல் பரிசோதனை முடிவதில்லை.

ஜூலை 16, புதன்

பயொப்சி பற்றி விரிவாக எழுதத்தான் வேண்டும். கெட்டுப்போவது அதிகமும் இங்கேதான்.

ஸ்ரீரொயிட் பூச்சை 2 முதல் 4 கிழமை நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது. பூசிக்கொண்டிருக்கும் இடத்தில் கலங்கள் கலைந்து விடை மங்கிவிடும். வேகமாக வளரும் கட்டிக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, அன்றே எடுக்கவேண்டும். மெல்லிய திட்டு என்றால் அகலமாகச் சீவி எடுக்கலாம். தடிப்புக்கு 4 முதல் 6 மில்லிமீற்றர் பஞ்ச் (வட்டமாக வெட்டும் கருவி). ஆழமான கட்டிக்குப் பஞ்ச் போதாது; கத்தியால் கொழுப்புப் படைவரை வெட்டவேண்டும். ஒரே இடத்தில் நிற்காமல் இரண்டு மூன்று இடத்தில் எடுங்கள். புண்ணின் நடுவில் செத்த இழையம்தான் கிடைக்கும், விளிம்பில் எடுங்கள்.

ஒரு துண்டு 10 வீதப் போர்மலினில், துண்டின் கனவளவைப்போல் குறைந்தது 10 மடங்கு. இன்னொரு துண்டு கிருமி வளர்ப்புக்கு, கிருமிநீக்கிய சேலைனில். இரண்டையும் போர்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். பிறகு காசநோயா பங்கசா என்று கேட்க வழியில்லை.

படிவத்தில் 'தோல் தடிப்பு' என்று மட்டும் எழுதி அனுப்புவது நோயாளருக்குச் செய்யும் அநியாயம். எந்த அடக்கி மருந்து, எத்தனை வருடம், எந்த உறுப்பு மாற்றியது என்று எழுதினால்தான் நோயியல் நிபுணர் கல வகையைக் காட்டும் சிடி3, சிடி20, சிடி30 சாயங்களோடு, எப்ஸ்ரைன்-பார் வைரசைக் காட்டும் ஈபர் சோதனையையும் கேட்பார். தொடக்க நிலை மைக்கோசிஸ் பங்கொயிடிஸ் நுணுக்குக்காட்டியிலும் எக்சிமா போலவே தெரியும். முதல் விடை 'எக்சிமா' என்று வந்தும் திட்டு மாறவில்லையென்றால் மீண்டும் எடுப்பதில் வெட்கமில்லை.

ஜூலை 23, புதன்

நாளை ஆடி அமாவாசை. கடலில் தீர்த்தமாடுபவர்களில் அடக்கி மருந்து எடுப்பவர்களும் இருப்பார்கள். திறந்த புண்ணோ பயொப்சித் தையலோ இருந்தால் கடலில் இறங்கவேண்டாம். கரையில் வீட்டுத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமி புண்வழி ஏறினால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவரை ஓரிரு நாளிலேயே சாய்த்துவிடும். கன்னியா வெந்நீரூற்றுக்கும் திறந்த புண்ணோடு போகவேண்டாம்.

மீன்பிடிக்கிறவர், மீன் வெட்டுகிறவர் கையில் முடிச்சு முடிச்சாக மேலேறும் கட்டி வந்தால் லிம்போமாவுக்கு முன் மைக்கோபக்ரீரியம் மரைனம் நினைவுக்கு வரவேண்டும். இந்தக் கிருமி 30 பாகை செல்சியஸ் அளவில்தான் நன்றாக வளரும். ஆய்வுகூடத்துக்கு அதைச் சொல்லாவிட்டால் 37 பாகையில் வைத்து, 'வளரவில்லை' என்று அறிக்கை வரும்.

ஜூலை 29, செவ்வாய்

லிம்போமா என்று உறுதியான பிறகு முதல் மருந்து பல சமயம் இன்னொரு மருந்தைக் குறைப்பதுதான். சிறுநீரகம் மாற்றியவருக்கு வழமையாக மைக்கோபினோலேற் அல்லது அசாதயோபிரினை நிறுத்தி, டக்ரோலிமசைக் கால்வாசி முதல் அரைவாசி வரை இறக்கி, பிரட்னிசொலோனை விட்டுவைப்பார்கள். முடிவெடுப்பது சிறுநீரக நிபுணரும் புற்றுநோய் நிபுணரும் சேர்ந்து. இதைக் கேள்விப்பட்டுத் தானாகக் குளிசையை நிறுத்துபவர் கட்டியோடு சிறுநீரகத்தையும் இழக்கலாம். குறைக்கும் நாட்களில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவை இரத்தத்தில் அடிக்கடி பார்க்கவேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, மாற்றிய சிறுநீரகத்தின்மேல் நோவு வந்தாலோ கிளினிக் திகதி வரை காத்திருக்கக்கூடாது.

மூட்டுவாதத்துக்கு மெதோற்றெக்சேற் எடுத்தவருக்கு அதை நிறுத்தியதுமே 2 முதல் 4 கிழமைக்குள் கட்டி சுருங்கத் தொடங்குவது உண்டு, முக்கியமாக எப்ஸ்ரைன்-பார் வைரசு இருக்கும் வகையில். தனிப் புண்ணாக, ஓரம் தெளிவாக வரும், அதே வைரசின் புண் வகையும் அப்படியே அடங்கும். ரி-கல வகை இவ்வளவு இலகுவில் அசையாது. கதிர்வீச்சோ வேறு மருந்தோ வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்குக் குறைக்க எதுவுமில்லை, வைரசுத் தடுப்பு மருந்தைப் பிசகாமல் கொடுத்து எதிர்ப்பை மீட்கவேண்டும். சிடி20 உள்ள பி-கல வகைக்கு றிற்றுக்சிமாப் கொடுக்குமுன் ஹெப்பரைற்றிஸ் பி பார்க்காமல் விட்டால், அடங்கிக் கிடந்த வைரசு ஈரலைத் தாக்கும்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

பாமசியில் நின்று 'பங்கசுக் குளிசை தாருங்கள்' என்று வாங்குவதைப் பற்றி. புளுகொனசோல், இற்றாகொனசோல், கிளரித்ரோமைசின் மூன்றும் டக்ரோலிமஸ், சைக்கிளோஸ்போரின் இரண்டின் இரத்த அளவையும் ஏற்றிவிடும். கை நடுங்கும், சிறுநீரகம் அடிபடும். காசநோய்க்குக் கொடுக்கும் றிபாம்பிசின் நேரெதிர்: அளவை இறக்கி உறுப்பைத் தள்ளவைக்கும். ஜம்போலாப் பழமும் (பம்பிளிமாஸ்) அளவை ஏற்றும், வேண்டாம். அசாதயோபிரின் எடுப்பவருக்கு யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினோல் எழுதினால் இரத்தக் கலங்கள் பாரதூரமாக இறங்கும்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அடக்கி மருந்தின் பெயரையும் அளவையும் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். பல் வைத்தியரிடமும் பாமசியிலும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.