மினசோட்டா காக்கஸ்: போகலாமா, வேண்டாமா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓட்டுரிமை உள்ள நண்பர்கள் கேட்பது: கட்சியின் வட்டாரக் காக்கஸுக்கு, அதாவது கட்சி ஆதரவாளர்கள் வட்டாரவாரியாகக் கூடும் கூட்டத்துக்கு, போய் என்ன ஆகப்போகிறது? 2020 முதல் அதிபர் வேட்பாளருக்குத் தனி பிரைமரி (கட்சி வேட்பாளரை வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) வந்துவிட்டது. அதற்காக என்றால் போகவே வேண்டாம்.

ஆனால் உள்ளூர் விஷயம் வேறு. காக்கஸ் இரட்டைப்படை ஆண்டுகளில், இரவு 7 மணிக்கு, பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளியில் நடக்கும். நவம்பரில் ஓட்டுப் போடும் தகுதி, அந்த வட்டாரத்தில் வீடு, கட்சிக் கொள்கையோடு பொதுவான உடன்பாடு இருந்தால் போதும். வேலை நேரத்தோடு மோதினால் 10 நாள் முன்பே முதலாளிக்கு எழுத்தில் கொடுங்கள். அவர் விடுப்பு மறுக்கச் சட்டம் இடம் தராது. போன நேரத்துக்குச் சம்பளம் வராமல் போகலாம், அவ்வளவுதான்.

பலர் எந்த வேட்பாளரைப் பிடிக்கும் என்று கேட்கும் கருத்துக்கணிப்புச் சீட்டை எழுதிப் போட்டுவிட்டு 7.30க்கே கிளம்பிவிடுகிறார்கள். கெடுவது இங்கேதான். அதற்குப் பிறகுதான் அடுத்தகட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். பல வட்டாரங்களில் இடங்களைவிட ஆட்கள் குறைவு, கை தூக்கினாலே பிரதிநிதி! சட்டமன்றத்துக்குக் கட்சி யாரை ஆதரிக்கும் என்பது அந்த மாநாடுகளில்தான் முடிவாகும். அதற்கு ஒரு சனிக்கிழமை முழுசாகப் போகும், சொல்லிவிட்டேன்.

கட்சிக் கொள்கையில் எதையாவது சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுபோனால் ஒரு தாளில் ஒரே கோரிக்கை, இரண்டு வரி. நீளமாக எழுதினால் விவாதத்திலேயே அடிபடும்.

ஆளுநர் பதவிக்கு மட்டும் இந்த ஆதரவை அதிகம் நம்பாதீர்கள். 2018இல் ஜனநாயகக் கட்சி மாநாடு ஆதரித்தது எரின் மர்ஃபியை. ஆகஸ்ட் பிரைமரியில் ஜெயித்தது டிம் வால்ஸ்.